அவரைத் தேடி எனக்கு வந்த அழைப்புகள்

காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. அறியாத எண். எடுத்தேன்.

“அண்ணாமலை சார் வூடுங்களா?” என்றது ஓர் ஆண்குரல்.

“ஆமாங்க.”

“எப்பங்க எடுக்கறாங்க? அடி அண்ணாமலையிலேர்ந்து நாங்க ஒரு வண்டி ஆளு வரணும். மாலை வேற கட்டச் சொல்லியிருக்குது. அதான் கேட்டுக்கலாம்னு.”

என் பெயர் அண்ணாமலை. என்னை எப்போது எடுக்கிறார்கள் என்று என்னிடமே கேட்கிறார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அவர் தப்பான அண்ணாமலையிடம் பேசுகிறார் என்பதும், சரியான அண்ணாமலை இனிப் பேசமாட்டார் என்பதும் ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டன. “கேட்டுச் சொல்றேங்க” என்றேன். குரல் உடைந்திருக்க வேண்டும். என்னை அந்த வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்ட அவர், “அழுவாதீங்க சார். தூக்கத்துலயே போயிட்டாராம். கஷ்டப்படல” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

காப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை மருத்துவர் அண்ணாமலை இறந்த செய்தி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் அண்ணாமலைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அவருக்கு வந்ததெல்லாம் முதலில் எனக்குத்தான் வரும்.

எங்கள் திருவண்ணாமலையில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. நான் வருகைப் பதிவு எடுக்கும்போது “அண்ணாமலை” என்று கூப்பிட்டால் வகுப்பின் நான்கு மூலைகளிலிருந்தும் “உள்ளேன் ஐயா” என்று கேட்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் ஒரு அண்ணாமலை. சொத்து வழக்கு நடத்துகிறவர் ஒரு அண்ணாமலை. லாட்ஜுகளில் லிஃப்ட் நின்றுபோனால் ஓடி வருகிறவர் இன்னொரு அண்ணாமலை. பிள்ளைகளுக்கு நான் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வதுண்டு. ஒரு கணக்கில் x என்பது ஐந்து. அடுத்த கணக்கில் அதே x பன்னிரண்டு. எழுத்து ஒன்று, மதிப்பு வேறு. ஒரு கணக்கின் x-ஐ எடுத்து அடுத்த கணக்கில் போட்டால் விடை தப்பும். இதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னையே ஒருநாள் வேறொரு கணக்கில் தூக்கிப் போட்டார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோ ஓட்டும் முருகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்னிடம் படித்தவன். “சார், உடனே ஏறுங்க. அடி அண்ணாமலையில பச்சையம்மா உங்களைக் கூட்டினு வரச் சொல்லுது. அர்ஜென்ட்டாம்” என்றான். பச்சையம்மாளின் மகன் அப்போது என் வகுப்பில் இருந்தான். பையனுக்கு என்னவோ என்று பதறிப்போய் ஏறிக்கொண்டேன். போய் இறங்கினால், வீட்டின் பின்பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு முருகனைப் பார்த்தார்.

“இவரை ஏண்டா கூட்டினு வந்த?”

“நீதானம்மா சொன்ன? உங்கூட்டுக்காரர் பேரு சாரைக் கூட்டினு வான்னு.”

“அது மாட்டு சாருடா. இவரு பையன் சாரு. இவரை வச்சு நான் இன்னா பண்ண? மாட்டுக்கு வாய்ப்பாடா சொல்லித்தரப் போறாரு?”

பச்சையம்மாளின் கணவர் பெயரும் அண்ணாமலை. கணவர் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவர் அந்த அம்மாள். அதனால் அவருக்கு அடி அண்ணாமலை என்ற தன் ஊர்ப் பெயரையே சொல்ல முடியாது. பேருந்தில் ஏறினால் “மலைக்குப் பின்னால ஒண்ணு” என்றுதான் சீட்டுக் கேட்பார். நடத்துனர்களுக்கு அது பழக்கம். கிரிவலம் போகிறவர்கள் அண்ணாமலையானுக்கு அரோகரா என்று கூவினால், அரோகராவில் மட்டும் சேர்ந்துகொள்வார். தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி அவர் சொன்ன அடையாளம், முருகனுக்குத் தெரிந்த ஒரே அண்ணாமலை சாரிடம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

முருகன் மறுபடி ஓடினான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மொபெட் வந்தது. ஒல்லியான மனிதர், கையில் நீலப் பிளாஸ்டிக் வாளி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாருங்க?”

“அண்ணாமலை.”

“அது நானாச்சே” என்றார். பிறகு காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடியே கைகளைக் கழுவினார். “சரி, வந்தது வந்துட்டீங்க. அந்த வாலை ஓரமா பிடிச்சுக்குங்க. சும்மா நின்னா மாடு உங்களை இன்ஸ்பெக்டர்னு நினைச்சுக்கும்.”

அன்று ஒரு கிடேரிக் கன்று பிறந்தது. திரும்பும்போது அவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சட்டையெல்லாம் சாணி. என் மனைவி கதவைத் திறந்து, “ஞாயித்துக்கிழமையும் அதுவுமா யாருக்கு என்னத்த சொல்லித்தந்தீங்க?” என்றாள்.

அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது; அல்லது நட்பு தொடங்கியது. ஊரில் யாராவது கடையில் போய் “அண்ணாமலை சார் நம்பர் இருக்குதா?” என்று கேட்டால், கடைக்காரரிடம் என் எண்தான் இருக்கும். கொடுத்துவிடுவார். “நான் இல்லைங்க, டாக்டர் நம்பர் தர்றேன், எழுதிக்குங்க” என்று நானும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்வேன். எழுதிக்கொள்ளத் தாள் இருக்காது. “நீங்களே சொல்லிடுங்க சார்” என்பார்கள். நானே அவரை அழைத்துச் சொல்வேன். வேலை நடந்துவிடும். அப்புறம் அவர்கள் என் எண்ணையே ‘மாட்டு டாக்டர்’ என்று சேமித்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். நான் உதவ உதவ, என் எண் அவருடையதாகிக்கொண்டே வந்தது. செங்கம் வரைக்கும் அப்படிப் பரவியது.

அவர் பக்கமும் இதே கதைதான். ஒருமுறை ஒரு தகப்பனார் என் வீட்டுக்கு மகனோடு வந்தார். மிகவும் குழம்பிப்போயிருந்தார். “சார், நேத்து போன்ல பேசினேனே. பையன் கணக்குல வீக்குன்னேன். நீங்க, சாப்பிடறானா, தூங்கறானான்னு கேட்டீங்க. சரின்னேன். அப்புறம், அசை போடறானான்னு கேட்டீங்க. அதுக்கு இன்னா அர்த்தம்னுதான் புரியல.”

எனக்குப் புரிந்தது. மாலையில் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். “பழக்கதோஷத்துல வந்துடுச்சு சார்” என்றார். “ஆனா தப்பாக் கேட்டுட்டனா? படிச்சதைப் பையன் திரும்ப எடுத்து மெல்லணும்ல?” அந்தத் தகப்பனார் மகனை அடிப்பவர் என்பதையும் டாக்டர் அந்தப் போன் பேச்சிலேயே கண்டுபிடித்திருந்தார். அதற்கு அவர் சொல்லி அனுப்பியது: “அடிச்ச கைக்கு மாடு பாலை அடக்கிக்கும். பையனும் அப்படித்தான்.” முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்வார். “மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். மாட்டுக்காரருக்குத் தெரியும். அதனால நான் மாட்டைப் பார்த்துக்கிட்டே மாட்டுக்காரர்கிட்ட பேசுவேன்.”

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் அவர் வீடு. மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருப்பார்கள். அவர்கள் தெருநாய்களைத் தூக்கிக்கொண்டு கீழே வருவார்கள். கிராமத்துக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அந்தச் சந்தில் மூன்று காப்பிக் கடைகள் வந்தும், ஆட்டுப் புழுக்கை கிடக்கும் ஒரே வாசல் அவருடையதுதான். அவர் மனைவி சாந்தா அம்மாள் தினமும் கூட்டித் தள்ளுவார். குறை சொல்லிக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பகலில் என் கைபேசிக்கு ஓர் இளம்பெண் பேசினார். “அண்ணாமலை சார்ங்களா? ஸ்கேன் சென்டர்ல இருந்து பேசறோம். ரிப்போர்ட் ரெடி சார். பெரிய டாக்டர் உங்களை நேர்ல பார்க்கணும்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில், “தனியா வராதீங்க சார். கூட யாரையாவது கூட்டினு வாங்க” என்றார்.

நான் எந்த ஸ்கேனும் எடுக்கவில்லை.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு நாய்க்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நாய்க்குட்டியை அனுப்பிவிட்டு, என்னைச் சந்து முனைக்குக் கூட்டிப்போனார்.

“உங்க நம்பரைத்தான் கொடுத்தேன் சார். என் போனைச் சாந்தாதான் எடுப்பா. பேரு ஒண்ணுதானே, அவங்களுக்கும் சந்தேகம் வராது. இத்தனை நாளா என் போனெல்லாம் உங்களுக்குத்தான் வருது. இதுவும் வரட்டும்னு விட்டேன்.”

“கூட யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்றேன்.

“அதான் வந்துட்டீங்களே” என்றார்.

வயிற்றில் புற்றுநோய். பரவியிருந்தது. இரண்டு அண்ணாமலைகளும் அந்த அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். மருத்துவர் யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான்தான் சார் மாடு” என்றார் என் நண்பர். அந்த மருத்துவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது நண்பர் கேட்டது ஒன்றுதான். “இதை வெளியில சொல்லாதீங்க. டாக்டரே படுத்துட்டான்னா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். கூப்பிடறது நின்னுடக்கூடாது சார். எனக்கு அது போதும்.”

சாந்தா அம்மாளிடம் அன்று மாலையே அவர் சொல்லிவிட்டார். மறைக்க அவரால் முடியவில்லை. வேலூரில் சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் போய் வந்து பல நாட்கள் எழ முடியாமல் கிடப்பார். தலைமுடி போனது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் மாட்டுக் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது, சாணியோ ரத்தமோ படக்கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சாந்தா அம்மாள் அவர் கைபேசியை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் தனியாக என் வீட்டுக்கு வந்ததில்லை.

“சார், அவர் போனை நான் நிறுத்திட்டேன். இனிமே எல்லாம் உங்களுக்குத்தான் வரும். நீங்க அவர்கிட்ட சொல்லாதீங்க.” என் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தார். “கூப்பிட்டா போயிடுவார். போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்கு அவர் ஜாஸ்தி நாள் வேணும் சார். ஒரு நாள் ஜாஸ்தின்னாலும் சரி.”

அவர் கேட்டது நியாயம். என் நண்பர் கேட்டதும் நியாயம். இரண்டு சமன்பாடுகளும் சரியாக இருந்து, இரண்டும் சேர்ந்து தீர்வு கொடுக்காத கணக்குகள் உண்டு. கரும்பலகையில் அவற்றைப் போட்டுக்காட்டுவது எளிது. சாந்தா அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மறுக்க முடியவில்லை. சரி என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம், டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லி, கால்நடை மருந்தகத்தில் இப்போது இருக்கும் இளம் மருத்துவரின் எண்ணைக் கொடுத்தேன். அந்தப் பெண் நல்ல மருத்துவர். வேலைகள் நடந்தன. ஆனால் மாலைகளில் நான் அவரைப் பார்க்கப் போகும்போது, படுக்கையிலிருந்து என் சட்டைப் பையைத்தான் முதலில் பார்ப்பார். கைபேசி அதில் இருக்கும். சத்தமில்லாமல் வைத்திருப்பேன்.

ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “திருவண்ணாமலை ஜில்லாவுல எல்லா மாடும் நல்லா இருக்குது போல.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“நல்லதுதான்” என்றார். “எல்லாம் நல்லா இருக்கட்டும்.” பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் உடல் தளர்ந்ததை நான் பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தளர்ந்தது வேறு. அடுத்தடுத்த நாட்களில் அவர் சாப்பாட்டைத் தள்ளினார். யார் பேசினாலும் “ம்” என்பதோடு நிறுத்தினார். மாடியில் இருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் தன் பூனையைக் காட்ட வந்தபோதுகூட, சாந்தா அம்மாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதால், அது கத்துவதை மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று பிற்பகலில் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கிரிவலக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. சாந்தா அம்மாள் கஞ்சியோடு வந்து கட்டிலருகே நின்றார். அப்போது என் கைபேசி ஒலித்தது. அன்றைக்குச் சத்தத்தை அடக்க மறந்திருக்கிறேன். திரையில் பச்சையம்மாள் வீட்டு எண்.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். சாந்தா அம்மாளும் என்னைப் பார்த்தார். நான் எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் திகைத்து, சாந்தா அம்மாளிடம் நீட்டினேன்.

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். பேசியது பச்சையம்மாளின் மருமகள். அழுகை எங்களுக்கும் கேட்டது. காலையிலிருந்து மாடு முக்குகிறதாம். கன்று வரவில்லையாம். இளம் மருத்துவர் வேறொரு ஊரில் இருக்கிறார், கிரிவலப் பாதையில் வண்டிகளை விடாததால் சுற்றி வரப் பொழுது சாய்ந்துவிடும் என்கிறாராம். “டாக்டர் சாரு போன்லயாவது சொல்லட்டுங்க” என்றது அந்தக் குரல். சாந்தா அம்மாள் முழுவதும் கேட்டார். கடைசியில், “வராங்கம்மா” என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் கொடுத்தார். கணவரிடம் திரும்பி, “சட்டையை மாத்திக்குங்க” என்றார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஆனா நீங்க தொடக்கூடாது.”

“தொட மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா. இவர் தொடுவார்” என்று என்னைக் காட்டினார்.

முருகனின் ஆட்டோவில் வயல்வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பச்சையம்மாள் வீட்டில் கொட்டகைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை பழைய கண்களாக இருந்தன. நான் சட்டையைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி, தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். பச்சையம்மாளுக்கும் வயதாகிவிட்டது. “ஏஞ்சாமி, அன்னைக்கு வாலைப் பிடிச்ச சாருதான இவரு?” என்றார். “இன்னிக்குப் பிரமோஷன்” என்றார் டாக்டர்.

இதை நீளமாக விவரிக்கமாட்டேன். அவர் குரல் மட்டும் போதும். “என்ன தட்டுப்படுது?”

“தெரியலைங்க.”

“தெரியலன்னா நல்லது. தெரிஞ்ச மாதிரி இழுத்துடாதீங்க. மெதுவா. மூக்கு இருக்குதா?”

“இருக்குது.”

“கால் எத்தனை?”

“ஒண்ணு. இன்னொண்ணு இல்ல.”

“உள்ள மடங்கிக் கிடக்கும். மாடு முக்கும்போது நீங்க சும்மா இருங்க. அது விட்டதும் கன்னுக்குட்டியைப் பின்னால தள்ளுங்க. இடம் கிடைக்கும். குளம்பை உள்ளங்கையில மூடிக்குங்க, இல்லேன்னா உள்ள கிழிச்சிடும். அவசரமில்ல சார். அது உங்களை நம்பி நிக்குது.”

என் கை மரத்துப்போனது. ஒரு கட்டத்தில் என்னால் முடியாது என்றேன். “உங்களால முடியும்னு நான் சொல்லல. மாட்டால முடியும். நீங்க கூட இருங்க” என்றார். கால் நேரானது. பச்சையம்மாளின் மருமகளும் முருகனும் சேர்ந்து இழுக்க, கன்று வந்தது. வைக்கோலால் மூக்கை நெருடச் சொன்னார். சாக்கால் தேய்க்கச் சொன்னார். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து பார்த்தார். தொடுவதற்குக் கை நீண்டது. பிறகு தானே அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“விடுங்க சார்” என்றார். “போயிடுச்சு. நாம வர்றதுக்கு முன்னயே போயிருக்கும்.”

மாடு பிழைத்துக்கொண்டது. தலையைத் திருப்பிக் கன்றை நக்கியது. கொஞ்ச நேரம் நக்கட்டும், உடனே எடுத்துவிடாதீர்கள் என்றார். பச்சையம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தாய் நிக்குதே, அது போதும் சாமி” என்றார். நான் குழாயடியில் நின்று கை கழுவினேன். நெடுநேரம் கழுவினேன்.

திரும்பும் வழியில், மலைக்கு மேலே நிலா வந்திருந்தது. தூரத்தில் பாதை முழுவதும் தலைகள். அவர் கேட்டார்: “இன்னிக்கு வந்த போன் உங்களுக்கு வந்ததா, எனக்கு வந்ததா?”

“உங்களுக்குத்தான்.”

“கை உங்களுதாச்சே.”



மறுநாள் போனபோது சாந்தா அம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார். “தூங்கறார் சார். மாத்திரை போடாம தூங்கறார்.” பிறகு பீரோவைத் திறந்து அவர் கைபேசியை எடுத்து மின்னூட்டம் போட்டார். அதிலிருந்து கடைசிவரை அது அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு வந்தவற்றையும் அவருக்கே அனுப்பினேன். அவர் போகவில்லை, படுத்தபடியே பேசினார். பேச முடியாதபோது சாந்தா அம்மாள் கேட்டுச் சொல்வார், அவர் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்வார், சாந்தா அம்மாள் அதைத் திரும்பச் சொல்வார். “விளக்கெண்ணெய் எவ்ளோன்னு கேக்கறாங்க” என்று அந்த அம்மாள் அவர் காதருகே குனிந்து கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஜாஸ்தி நாள் கிடைத்ததா, கம்மியாகிவிட்டதா என்று யாரால் சொல்ல முடியும்? நான் சாந்தா அம்மாளிடம் அதைக் கேட்டதில்லை. டாக்டர் இறந்த அன்று, கூடத்தில் கிராமத்துச் சனங்கள் நிறைந்திருந்தபோது, அந்த அம்மாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: “நேத்து சாயங்காலம்கூட ஒரு ஆட்டுக்கு மருந்து சொன்னார் சார்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது துக்கம் மட்டும் அல்ல.

சென்னையிலிருந்து என் மகன் சொல்கிறான்: “அப்பா, நம்பரை மாத்திடுங்க. எத்தனை பேருக்குத்தான் சொல்லிக்கிட்டே இருப்பீங்க?” அவன் சொல்வதில் தப்பில்லை. அண்ணாமலை இறந்துவிட்டார் என்று நாளுக்கு ஒருமுறையாவது யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் என் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.

போன வாரம் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். “டாக்டருங்களா? ஆடு எழுந்திருக்க மாட்டேங்குதுங்க.”

“அம்மா, டாக்டர் இறந்துட்டாரும்மா. நான் அவர் சிநேகிதன்.”

மறுமுனையில் ஆடு கத்தியது. “எனக்கு யாரும் சொல்லலீங்களே” என்றார். பிறகு அவராகவே பேசினார். “எங்கூட்டுக்காரர் தவறினப்ப எழவுக்கு வந்தாருங்க. மாலையைப் போட்டுட்டு நேரா பின்னால போனாரு. அந்த அமளியில மாட்டுக்கு யாரும் தண்ணி காட்டலைங்க. அவரே இறைச்சு ஊத்திட்டு, சொல்லாம போயிட்டாரு. அடுத்த வூட்டம்மாதான் பாத்துட்டு வந்து சொல்லுச்சு.”

இது எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அவருக்கென்று வந்து, வழி தவறி என்னிடம் சேரும் இந்தக் குரல்கள். துக்கத்தைச் சொல்லத்தான் நான் எடுக்கிறேன். ஆனால் அவரைப் பற்றி நான் அறியாத ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் யாரும் வைப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்கு இளம் மருத்துவரின் எண்ணைச் சொன்னேன். அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு, “உங்க பேரு இன்னாங்க?” என்றார்.

“அண்ணாமலை.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப இந்த நம்பரை நான் அழிக்கலைங்க. இப்படியே இருக்கட்டும்.”

“இருக்கட்டும்மா” என்றேன்.